எரியப்போகிற எண்ணெயே காவல்

ராக்கெட் என்ஜினுக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை சுமார் 3,300 டிகிரி செல்சியஸ். செம்பு 1,085 டிகிரியில் உருகும், இரும்பு 1,538-இல். 3,422 வரை தாக்குப்பிடிக்கிற டங்ஸ்டன் என்றொரு உலோகம் உண்டுதான். ஆனால் அது ஈயத்தைவிடக் கனம். கடைந்து உருவம் கொடுப்பது கடினம். பழுக்கக் காய்ந்த நிலையில் ஆக்சிஜன் பட்டால் அரித்துப்போகும். ஆகவே உருகாத உலோகம் ஒன்றைத் தேடிப்பிடித்து இந்தச் சிக்கலை யாரும் தீர்க்கவில்லை. உருகக்கூடிய உலோகத்தை உருகவிடாமல் வைத்துக்கொள்ளும் தந்திரங்களில்தான் ராக்கெட்டுகள் பறக்கின்றன.

3,300 என்ற எண்ணைக் கேட்டு நாம் மிரள்கிறோம். என்ஜின் வடிவமைப்பவர்கள் மிரள்வது வேறோர் எண்ணைப் பார்த்து. சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்குள்ளும் எவ்வளவு வேகமாக வெப்பம் பாய்கிறது என்பதே அவர்கள் கவலை. எரியறையிலிருந்து வாயு வெளியேறும் பாதை முதலில் குறுகி, பிறகு மணியின் வடிவில் விரிகிறது. குறுகிய இடத்துக்குக் கழுத்து என்று பெயர். அங்கேதான் வாயு ஒலியின் வேகத்தைத் தொடுகிறது. பாய்ந்து செல்லும் எந்த வாயுவும் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் மெதுவாக நகரும். நெருப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே இயற்கையே கட்டிய திரை அது. கழுத்தில் நெரிசல் உச்சத்துக்குப் போவதால் அந்தத் திரை மிகவும் மெலிந்துவிடுகிறது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பிரதான என்ஜினில், கழுத்துப் பகுதியின் ஒரு சதுர சென்டிமீட்டரில் பாயும் வெப்பம் 10 கிலோவாட்டைத் தாண்டும். சூரியனின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வெளியேறுவது 6.3 கிலோவாட். சூரியனை மிஞ்சும் அந்த இடத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத செம்புத் தகடு எட்டரை நிமிடம் நின்று தாங்க வேண்டும்.

என்ஜினின் அழுத்தத்தைக் கூட்டினால் சின்ன உருவத்திலேயே பெரிய உந்துவிசை கிடைக்கும். எல்லோரும் விரும்புவது அதைத்தான். ஆனால் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் கழுத்தில் பாயும் வெப்பமும் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். எத்தனை சக்தி வாய்ந்த என்ஜின் கட்டலாம் என்பதைப் பல நேரங்களில் முடிவு செய்வது, அதன் கழுத்தை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்ற கேள்விதான்.

இதற்கான விடையின் மையக் கருத்து, திரவ எரிபொருள் ராக்கெட் எதுவும் பறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, ராக்கெட் தூக்கிச் செல்லும் குளிர்ந்த திரவத்தையே என்ஜின் சுவரைச் சுற்றி ஓடவிடலாம் என்று சொல்லியிருந்தார். யோசித்துப் பார்த்தால் வேறு வழியும் இல்லை. காருக்கு ரேடியேட்டர் உண்டு. சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று உண்டு. ராக்கெட் காற்றையே விட்டுப் போகிறது. குளிர்விப்பதற்கென்று தனியாகத் தண்ணீர் சுமந்தால் அந்த எடையே அதைக் கீழே இழுக்கும். கையில் இருக்கும் ஒரே திரவம், அடுத்த நொடி எரியப்போகிற திரவம்.

இதைச் செய்யாவிட்டால் என்னாகும் என்பதற்கு முதல் சாட்சி, முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டே. 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆபர்ன் என்ற ஊரில், பனி மூடிய ஒரு பண்ணையில் ராபர்ட் கோடார்ட் பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் ஊற்றிய ராக்கெட்டைப் பற்றவைத்தார். பற்றிய பிறகும் அது உடனே கிளம்பவில்லை. எரிபொருள் தீரத் தீர எடை குறைந்து, பிறகே மேலே எழுந்தது. 41 அடி உயரம், இரண்டரை விநாடி, 184 அடி தள்ளி ஒரு முட்டைக்கோஸ் வயலில் விழுந்தது. கிளம்புவதற்குள்ளேயே, வாயு வெளியேறும் பாதையான நாசிலின் கீழ்ப்பாதி எரிந்துபோயிருந்ததை கோடார்ட் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். விண்வெளி யுகத்தைத் தொடங்கிவைத்த என்ஜின், தன்னையே கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் பறந்தது.

1930-களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா, அமெரிக்கா என்று பல இடங்களில் இரட்டைச் சுவர் என்ஜின்கள் முளைத்தன. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் எரிபொருள் ஓடும். ஓடி முடித்துச் சூடேறிய பிறகு எரியறைக்குள் போய் எரியும். சுவரிலிருந்து எடுத்த வெப்பம் வீணாவதில்லை. எரிபொருளோடு சேர்ந்து நெருப்புக்கே திரும்பிவிடுகிறது. இதைத்தான் துறையில் ரீஜெனரேட்டிவ் கூலிங் என்கிறார்கள். அமெரிக்கரான ஜேம்ஸ் வைல்ட் 1938-இல் ஓட்டிக் காட்டிய சின்னஞ்சிறு என்ஜின் இந்த வகைதான். அதை நம்பித் தொடங்கிய ரியாக்‌ஷன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் என்ஜின்தான், 1947-இல் பெல் எக்ஸ்-1 விமானத்தை ஒலியின் வேகத்தைத் தாண்ட வைத்தது.

பெரிய அளவில் இதைச் செய்துகாட்டியது நாஜி ஜெர்மனியின் வி-2 ஏவுகணை. அடிமைத் தொழிலாளர்களை வதைத்துக் கட்டிய, லண்டன் மேலும் ஆன்ட்வெர்ப் மேலும் விழுந்த அந்த ஆயுதத்தைப் பற்றி எழுதும்போது வெறும் பொறியியல் வியப்போடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் குளிர்விப்பின் கதையில் அதைத் தாண்டிப் போக முடியாது. அதன் எரிபொருள் ஆல்கஹால்; அதில் கால் பங்கு தண்ணீர் கலந்திருந்தார்கள். எரிபொருளில் வேண்டுமென்றே தண்ணீர் கலப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தண்ணீர் நெருப்பின் சூட்டைத் தணித்தது. சுவருக்குப் பின்னால் ஓடும்போது கூடுதல் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொண்டது. அதுவும் போதாமல், சுவரில் வளைய வளையமாகச் சிறு துளைகள் போட்டு, ஆல்கஹாலை உட்பக்கமாகக் கசியவிட்டார்கள். கசிந்த ஆல்கஹால் சுவரை ஒட்டிப் படலமாக வழிந்து ஆவியானது. கழுத்தில் மெலிந்துபோகும் இயற்கைத் திரைக்குப் பதிலாக ஒரு செயற்கைத் திரை. படலக் குளிர்விப்பு என்னும் இந்த முறையை இன்றும் பெரும்பாலான என்ஜின்கள் ஏதோ ஓர் அளவில் பயன்படுத்துகின்றன. நம் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் விகாஸ், பிரான்சின் வைக்கிங் வழி வந்த என்ஜின். சுவருக்குப் பின்னால் எரிபொருளைச் சுற்றவிடாமல், பெரும்பாலும் இந்தப் படலத்தை நம்பியே எரியறையைக் காப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். என்ஜின் எளிமையாகிறது. சுவரோரத்தில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது அதற்குக் கொடுக்கும் விலை.

இரட்டைச் சுவரில் ஒரு தொல்லை உண்டு. அகலமான தகட்டுக்குப் பின்னால் உயர் அழுத்தத்தில் திரவம் ஓடினால் தகடு புடைத்துக்கொள்ளும். புடைக்காமல் இருக்கத் தடிமனாக்கினால் வெப்பம் கடந்து போகாது. அமெரிக்கர்கள் கண்ட வழி: சுவரையே எடுத்துவிடுவது. நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, உலைக்குள் வைத்துப் பற்றவைத்து ஒட்டினால் குழாய்களே சுவராகிவிடும். மெல்லிய குழாய் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்.

அப்போலோ வீரர்களை ஏற்றிச் சென்ற சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 என்ஜினை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு அமெரிக்க அருங்காட்சியகங்களில் கிடைக்கும். தூரத்திலிருந்து வழவழப்பான மணிபோல் தெரிவது, கிட்டே போனால் மேலிருந்து கீழாக ஓடும் குழாய்களின் வரிசை. மேற்பகுதியில் 178 குழாய்கள், இன்கோனெல் என்ற நிக்கல் கலப்புலோகத்தால் ஆனவை. கீழே மணி அகலும்போது ஒவ்வொரு குழாயும் இரண்டாகப் பிரிந்து 356 ஆகிறது. என்ஜினுக்கு வரும் மண்ணெண்ணெயில் 70 சதவீதம் 89 குழாய்கள் வழியாகக் கீழே இறங்கும். அவற்றுக்கு நடுநடுவே இருக்கும் மற்ற 89 குழாய்கள் வழியாக மேலே ஏறித் திரும்பும். அதன் பிறகே எரியறைக்குள் நுழையும். ஒரு விநாடிக்கு ஒரு என்ஜின் குடித்த மண்ணெண்ணெய் கிட்டத்தட்ட 790 கிலோ.

அந்த மணியின் கடைசிப் பகுதிக்குக் குழாய்களே இல்லை. எரிபொருளைத் தள்ளும் பம்பைச் சுழற்றிய டர்பைனிலிருந்து வெளியேறும் புகைவாயுவை அங்கே உட்சுவர் ஓரமாக விட்டார்கள். டர்பைன் புகை நமக்குச் சூடுதான், ஆனால் 3,300 டிகிரிக்குப் பக்கத்தில் அது தென்றல். அப்போலோ ஏவுதல் படங்களைக் கூர்ந்து பாருங்கள்: நாசிலின் வாயிலிருந்து வெளிவரும் தீ முதலில் கறுப்பாக இருக்கும், சில மீட்டர் கீழே போன பிறகே கண்ணைப் பறிக்கும் வெளிச்சமாகும். படத்தில் ஏதோ கோளாறு என்று நினைக்கத் தோன்றும். கரி நிறைந்த அந்த டர்பைன் புகைதான், உள்ளே இருக்கும் வெளிச்சத்தைச் சற்று நேரம் போர்த்தி மறைக்கிறது.

மண்ணெண்ணெயில் வேறொரு வில்லங்கமும் உண்டு. பாலை அடுப்பில் வைத்துக் கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும் அல்லவா? குழாய்க்குள் ஓடும் மண்ணெண்ணெயும் சூடு மிஞ்சினால் உட்பக்கத்தில் கரியாக அடிப்பிடிக்கும். கரி வெப்பத்தைக் கடத்தாது. அந்த இடத்தில் உலோகம் இன்னும் சூடாகும். சூடானால் இன்னும் கரி பிடிக்கும். முடிவில் ஓட்டை விழும். எண்ணெயில் கந்தகம் இருந்தால் செம்பையும் அது அரிக்கும். அதனால்தான் ராக்கெட்டுக்கு ரேஷன் கடை மண்ணெண்ணெய் ஆகாது. நன்கு சுத்திகரித்த வகை வேண்டும். இஸ்ரோ தனக்கென்று உருவாக்கிய வகைக்கு இஸ்ரோசீன் என்று பெயர் வைத்திருக்கிறது. யார் வைத்தார்களோ, நல்ல பெயர்.

ஹைட்ரஜனுக்கு இந்தக் கரித் தொல்லை இல்லை. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கும் அது, ஒரு கிலோவுக்குத் தண்ணீரைவிட மூன்று மடங்குக்கும் மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். குளிர்விக்கவே பிறந்த எரிபொருள் என்றுகூடச் சொல்லலாம். மகேந்திரகிரியில் சோதித்து எல்.வி.எம்-3 ராக்கெட்டில் பறக்கும் இஸ்ரோவின் சி.இ-20 கிரையோஜெனிக் என்ஜினுக்கும் ஹைட்ரஜன்தான் காவல். 1963-இல் முதன்முதலாக விண்வெளியில் வெற்றிகரமாக எரிந்த அமெரிக்காவின் ஆர்.எல்-10 இன்னும் ஒரு படி மேலே போனது. சுவரைச் சுற்றி வந்து சூடேறி விரிந்த ஹைட்ரஜனைக் கொண்டே பம்பின் டர்பைனைச் சுழற்றியது. தனியாக எரித்துப் புகை உண்டாக்க வேண்டியதில்லை. சுவரிலிருந்து விரட்ட நினைத்த வெப்பமே என்ஜினை ஓட்டும் சக்தியாயிற்று. ராக்கெட் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

விண்வெளி ஓடத்தின் பிரதான என்ஜினான ஆர்.எஸ்-25-இல் எரியறை அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்கு. அங்கே குழாய்ச் சுவர் போதவில்லை. கழுத்துக்குச் செம்பும் வெள்ளியும் சிர்கோனியமும் கலந்த உலோகத்தை எடுத்து, அதில் 390 நுண்கால்வாய்களைச் செதுக்கினார்கள். முதலிலேயே உருகிவிடும் செம்பை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? சுவர் தடிமனாக இருந்தால் பாதுகாப்பு என்று மனம் சொல்லும். கணக்கு அதற்கு நேரெதிர். ஒரு சதுர சென்டிமீட்டரில் 10 கிலோவாட் பாயும்போது, ஒரு மில்லிமீட்டர் செம்பின் இரு பக்கங்களுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு 300 டிகிரிக்குள் அடங்கிவிடும். அதே தடிமனில் துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் வேறுபாடு 4,000 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். அதாவது எஃகு அதற்கு முன்பே உருகி ஓடியிருக்கும். வெப்பத்தைத் தடுக்க முயலும் சுவர் அழியும். அவசரமாகப் பின்னால் கைமாற்றிவிடும் சுவர் பிழைக்கும். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு மில்லிமீட்டருக்கு அப்பால் உறைகுளிர் ஹைட்ரஜன். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் அந்தத் தகடு இழுபட்டுச் சுருங்கி, கால்வாயின் கூரை மெலிந்து மெல்ல உள்ளே புடைக்கும். திரும்பத் திரும்பப் பறக்க வேண்டிய என்ஜின்களின் ஆயுளைத் தின்பது இந்தச் சோர்வுதான்.

அந்த ஆர்.எஸ்-25-இன் நாசில் 1,080 குழாய்களால் ஆனது. அவற்றில் மூன்றே மூன்று உடைந்தால் என்ன நடக்கும் என்பது 1999 ஜூலை 23 அன்று தெரிந்தது. கொலம்பியா ஓடம், கமாண்டர் ஐலீன் காலின்ஸ், விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். சுமந்து சென்றது சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் வரை போன நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. வலப்பக்க என்ஜினில், எரியறைக்குள் திரவங்களைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் ஆக்சிஜன் வரும் குழல்களில் ஒன்றை அடைக்க, தங்க முலாம் பூசிய ஊசி ஒன்றைச் செருகியிருந்தார்கள். நீளம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்காது. என்ஜின் பற்றியதும் அது பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்து, நாசிலின் உட்சுவரில் மோதி மூன்று குளிர்விப்புக் குழாய்களைக் கிழித்தது. எரியறைக்குப் போக வேண்டிய ஹைட்ரஜன் அந்தக் கிழிசல் வழியே ஒழுகத் தொடங்கியது. புறப்படும்போது எடுத்த படங்களில் நாசிலின் உள்ளே ஒரு வெளிச்சக் கீற்றாக அது பதிந்திருக்கிறது.

பக்கத்துக் குழாய்களில் ஓடிய ஹைட்ரஜன் சுவரைக் காப்பாற்றிக்கொண்டது, கிழிசல் பரவவில்லை. ஆனால் எரியறை அழுத்தம் இறங்கியதைக் கண்ட என்ஜின் கணினி, ஈடுகட்ட ஆக்சிஜனைக் கூடுதலாகத் திறந்துவிட்டது. போதாக்குறைக்கு, கிளம்பிய ஐந்தாவது விநாடியில் சம்பந்தமே இல்லாத ஒரு மின்கசிவால் இரண்டு என்ஜின்களில் தலா ஒரு கட்டுப்பாட்டுக் கணினி நின்றுபோனது. மிஞ்சிய கணினிகளே அவற்றை இயக்கின. கடைசியில் ஆக்சிஜன் முன்கூட்டியே தீர்ந்து, என்ஜின்கள் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் அணைந்தன. வேகத்தில் விழுந்த துண்டு விநாடிக்கு ஐந்து மீட்டருக்கும் குறைவு. ஓடம் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது, சந்திரா இறக்கிவிடப்பட்டது. இன்னும் சில குழாய்கள் கிழிந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இத்தனை குழாய், கால்வாய் வேலை எதுவும் வேண்டாம் என்று சொல்லும் என்ஜின்களும் உண்டு. நிலவிலிருந்து அப்போலோ வீரர்களைத் தூக்கி வந்த என்ஜின் அப்படிப்பட்டது. அது பற்றாவிட்டால் வேறு வழி இல்லை என்பதால், பழுதாகக்கூடிய பாகங்களை எல்லாம் வெட்டி எறிந்தார்கள். உட்சுவரில் பிசினில் தோய்த்த இழைப்பூச்சு. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, ஆவியாகி, வெப்பத்தைத் தன்னோடு கொண்டு போகும். ஒரு முறை எரிந்தால் போதும் என்கிற வேலைக்கு இதைவிட நம்பகமானது இல்லை. விண்வெளியில் மட்டும் எரியும் நாசில்களுக்கு அதுவும் தேவையில்லை: நயோபியம் தகட்டை மெல்லிசாக அடித்துச் செய்து, பழுக்கச் சிவந்து ஒளியாகவே வெப்பத்தைக் கொட்டிவிட விட்டுவிடலாம். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்ட நாசில் அந்த வகை. அதற்குப் பதிலாகக் கார்பன்-கார்பன் பொருளில் செய்த நாசிலை 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்தது. எடை 67 சதவீதம் குறைவு. அதனால் ராக்கெட் 15 கிலோ கூடுதலாகச் சுமக்கலாம்.

எது சிறந்தது என்று கேட்டால், நேரடிப் பதில் இல்லை. குளிர்விப்பு முறையை மாற்றினால் என்ஜினின் குணமே மாறிவிடும் என்பதுதான் அனுபவம். ஸ்பேஸ்-எக்ஸ் நிறுவனத்தின் முதல் மெர்லின் என்ஜின் கருகிக் குளிரும் வகை. அதன் அடுத்த வடிவத்தில், சுவருக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஓடும் கால்வாய்களைக் கொண்டுவந்தார்கள். அந்த என்ஜினோடு மூன்றாவது ஃபால்கன்-1, 2008 ஆகஸ்ட் 3 அன்று பசிபிக் பெருங்கடலின் குவாஜலீன் தீவுத்திட்டிலிருந்து கிளம்பியது. முதல் கட்டம் குறையில்லாமல் எரிந்து முடிந்தது; என்ஜினை அணைத்தார்கள்; கட்டங்கள் பிரிந்தன. பிரிந்த முதல் கட்டம் பின்னாலேயே துரத்தி வந்து இரண்டாம் கட்டத்தின் மேல் மோதியது.

அணைத்த பிறகும் கால்வாய்களில் கொஞ்சம் மண்ணெண்ணெய் மிச்சம் இருக்கும். அது எரியறைக்குள் வடிந்து, அங்கே எஞ்சிய ஆக்சிஜனோடு சேர்ந்து சற்று நேரம் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. பழைய என்ஜினில் கால்வாயே கிடையாது. ஆகவே இந்த மிச்சமும் இருந்ததில்லை. தரைச் சோதனைகளில் இது கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. அந்த மிச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. தரையில் வெளிக்காற்றே அதை அமுக்கிவிடும். வெற்றிடத்துக்குப் பக்கத்தில் போனதும், அதே சின்ன அழுத்தம் ஒரு ராக்கெட் கட்டத்தை முன்னால் நகர்த்தப் போதுமானதாகிவிட்டது.

திருத்தத்துக்காக என்ஜினில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அணைப்பதற்கும் பிரிப்பதற்கும் நடுவே சில விநாடிகள் கூடுதலாகக் காத்திருக்கும்படி நேரத்தை மாற்றினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 28 அன்று நான்காவது ஃபால்கன்-1, தனியார் நிறுவனம் உருவாக்கிய திரவ எரிபொருள் ராக்கெட்டுகளில் முதலாவதாகப் புவியின் சுற்றுப்பாதையை எட்டியது.